சுவரில் என் போட்டோ

வேளச்சேரியில், விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், பிரியாணிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் ஒரு சுவர் இருக்கிறது. ரிசப்ஷனில் உட்கார்ந்தால் நேர் எதிரே அதுதான் தெரியும். சுவர் முழுக்க போட்டோக்கள். ஒவ்வொரு போட்டோவுக்கும் கீழே நீலப் பட்டையில் ஒரு கம்பெனிப் பெயரும், வருஷத்துக்கு எத்தனை லட்சம் என்கிற எண்ணும். மூன்றாவது வரிசையில், இடமிருந்து ஐந்தாவதாக நான் இருக்கிறேன். கழுத்தில் ரூம் நண்பனிடம் கடன் வாங்கிய டை. கீழே 'முன்னணி எட்டெக் நிறுவனம், 2.4 லட்சம்' என்று போட்டிருக்கும்.

அந்த முன்னணி எட்டெக் நிறுவனம் எது என்று கேட்டால், அந்தச் சுவர் யாருடையதோ அவர்கள்தான். ஆறு மாசம் கோடிங் கற்றுக்கொடுத்து, வேலை கிடைக்காமல் ஐந்து மாசம் அலையவிட்டு, கடைசியில் அவர்களே என்னை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். கோடிங் வேலைக்கு இல்லை. போன் பண்ணி அடுத்த பேட்ச்சுக்கு ஆள் பிடிக்கிற வேலைக்கு. பதவிப் பெயர் கவுன்சிலர்.

இதைச் சொல்லாமல் மற்றதைப் பேச எனக்கு யோக்கியதை இல்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதினான்கு மாசம் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நான் பேசியதை நம்பிப் பணம் கட்டியவர்கள் இருக்கிறார்கள்.

2021இல் மெக்கானிக்கல் முடித்தவன் நான். கடைசி மூன்று செமஸ்டரும் போன் திரையில் ஓடின. லேத்தைத் தொடாமலேயே லேப் மார்க் வந்தது. தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் காலேஜ்கள் நானூறுக்கு மேல் இருக்கின்றன. அதில் எங்களுடையது பஸ்ஸில் போகும்போது 'இங்க ஒரு காலேஜ் இருக்கா' என்று கேட்கவைக்கிற ரகம். கேம்பஸுக்கு வந்தது ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி மட்டும். ஒரு வருஷம் வீட்டில் இருந்தேன். பண்ருட்டிப் பக்கம் எங்கள் ஊர். பலாச் சீசன் வந்து போனது, முந்திரிச் சீசன் வந்து போனது. 'இன்னும் தேடிட்டு இருக்கானா' என்று கேட்பதற்கென்றே சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து போனார்கள். அந்த நேரத்தில்தான் அந்த விளம்பரம். ஆறு மாசம், ஃபுல் ஸ்டாக், 100% ப்ளேஸ்மெண்ட் சப்போர்ட். இங்கே 'சப்போர்ட்' என்கிற வார்த்தையைக் கவனியுங்கள். நான் கவனிக்கவில்லை. எழுத்து அளவும் கொஞ்சம் சின்னது.

ஃபீஸ் 85,000 ரூபாய். 'கையில இல்லன்னா பரவால்ல, நோ காஸ்ட் இ.எம்.ஐ. போட்டுக்கலாம்' என்றார்கள். பதினெட்டு மாசம், மாசம் 4,722. ஒரு ஆப்பில் அப்பாவின் ஆதாரும் பான் கார்டும் ஏறின, ஓ.டி.பி. வந்தது, முடிந்தது. கடன் கொடுத்தது இன்ஸ்டிடியூட் இல்லை, வேறொரு ஃபைனான்ஸ் கம்பெனி என்பது முதல் தவணை அக்கவுண்ட்டில் பிடிக்கப்பட்டபோதுதான் புரிந்தது. இதில்தான் சூட்சுமம். இன்ஸ்டிடியூட்டுக்கு அதன் பணம் முதல் நாளே மொத்தமாகப் போய்விடுகிறது. அதற்கப்புறம் நீங்கள் கற்றாலும் கற்காவிட்டாலும், வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்களுக்கு ஒரு ரூபாய் நஷ்டமில்லை. உங்களுக்குத்தான் மாசா மாசம் ஐந்தாம் தேதி வருகிறது. பேலன்ஸ் இல்லையென்றால் பவுன்ஸ் சார்ஜ். இரண்டு தடவை பவுன்ஸ் ஆனால் அப்பாவின் சிபில் ஸ்கோர் போகும். டிராக்டர் லோனுக்குப் போன இடத்தில் அவர் தலை குனிவார்.

கற்றுக்கொடுத்தது மோசம் என்று சொல்ல மாட்டேன். எங்கள் ஜாவாஸ்கிரிப்ட் சார் நல்ல மனுஷன். ஒரு லூப்பை விளக்க, கோயிலைச் சுற்றுகிற பிரதட்சணத்தை எடுத்துக்கொள்வார். எத்தனை சுற்று என்று எண்ணாமல் போனால் நடை சாத்துகிறவரை சுற்றிக்கொண்டே இருப்பாய் என்பார். ஒரு ராத்திரி பன்னிரண்டரை மணிக்கு, ரூமில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருக்கும்போது, நான் எழுதிய பக்கம் முதல்முறையாக டேட்டாபேஸிலிருந்து ஒரு பெயரை எடுத்துவந்து திரையில் காட்டியது. அம்மா பெயரைத்தான் போட்டு வைத்திருந்தேன். லைட்டைப் போட்டு எல்லாரையும் எழுப்பிவிட்டேன், திட்டு வாங்கினேன். நாலு வருஷ இன்ஜினியரிங்கில் எனக்கு அப்படி ஒரு ராத்திரி வாய்க்கவே இல்லை. அதனால் கோடிங் கற்பது வீண் என்று யாராவது இந்தக் கட்டுரையை வைத்துச் சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த சாரும் மாச ஒப்பந்தத்தில்தான் இருந்தார், பி.எஃப். கிடையாது என்பது அங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

பிரச்சினை அந்தச் சந்தோஷத்தைக் காட்டி அவர்கள் விற்ற வேறொரு சரக்கில் இருக்கிறது. அந்தச் சரக்கின் பெயர் பேக்கேஜ்.

ப்ளேஸ்மெண்ட் செல் என்று ஒரு கண்ணாடி அறை இருந்தது. நடைமுறையில் அது ஒரு வாட்ஸப் குரூப். நௌக்ரியில் யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய லிங்க்குகளை அதில் போடுவார்கள், நாங்கள் 'தேங்க்யூ மேம்' போடுவோம். விண்ணப்பித்தால் முதல் கட்டத்திலேயே ஒரு படிவம் வழிமறிக்கும். பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் உண்டா? அரியர் நிற்கிறதா? எந்த வருஷம் முடித்தாய்? இந்தக் கடைசிக் கேள்விதான் எங்களில் பாதிப் பேரை அடித்துப்போட்டது. 2022, 2023இல் முடித்தவர்கள் மட்டும் என்றிருக்கும். நான் 2021. என் கோடை ஒருத்தரும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு 'சரியில்லை' என்று சொல்லியிருந்தால் ஒரு மரியாதை. நான் பிறந்த தேதியை மாற்ற முடியாத மாதிரிதான் முடித்த வருஷத்தையும். ஆனால் ஃபீஸ் வாங்கும்போது அதை ஒருத்தரும் கேட்கவில்லை. பின்னால் கவுன்சிலராக நானும் கேட்கவில்லை. கேட்காதே என்று ஸ்கிரிப்ட்டிலேயே இருந்தது.

பிறகு அந்த சதவீதம். '87% ப்ளேஸ்மெண்ட்' என்று எங்கள் பேட்ச்சுக்கு பேனர் அடித்தார்கள். அதை எக்ஸெல்லில் தயாரித்த ஆட்களில் நானும் ஒருத்தன், ஆகவே கணக்கு நன்றாகவே தெரியும். பேட்ச்சில் நாற்பது பேர். அட்டெண்டன்ஸ் குறைவு என்று பன்னிரண்டு பேரை 'தகுதியில்லை' பட்டியலுக்குத் தள்ளினோம். ஏதோ ஒரு வாய்ஸ் பிராசஸ் இன்டர்வியூவுக்குப் போக மாட்டேன் என்ற ஐந்து பேருக்கு 'தாமாக விலகியவர்' என்று பெயர். மிச்சம் இருபத்து மூன்று. அதில் இருபது பேர் ப்ளேஸ்டு. அந்த இருபதில் நாலு பேர் என்னைப் போல இன்ஸ்டிடியூட்டிலேயே, ஆறு பேர் பி.பி.ஓ., மூன்று பேர் சம்பளமில்லாத இன்டர்ன்ஷிப். கோடிங் வேலைக்குப் போனவர்கள் ஏழு பேர். நாற்பதில் ஏழு. ஒரு பொய்கூட எழுதவில்லை, பார்த்தீர்களா? கீழே வகுக்கிற எண்ணைக் கொஞ்சம் சுரண்டினோம், அவ்வளவுதான்.

இது வேளச்சேரியின் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். இல்லை. இந்தத் தொழிலின் தாய்வீடு அமெரிக்கா. அங்கே லாம்ப்டா ஸ்கூல் என்று 2017இல் ஒன்று தொடங்கி, பின்னால் ப்ளூம்டெக் என்று பெயரை மாற்றிக்கொண்டது. வேலை கிடைத்த பிறகு காசு கொடுத்தால் போதும் என்பதுதான் அதன் கவர்ச்சி. வருஷம் 50,000 டாலருக்கு மேல் சம்பாதித்தால் அதில் 17 சதவீதம், மொத்தம் 30,000 டாலர்வரை கட்ட வேண்டும். 'இது கடனே இல்லை' என்று விளம்பரம் செய்தார்கள். 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு, இது கடன்தான் என்று நடவடிக்கை எடுத்தது. வேலை கிடைத்தவர்கள் 86 சதவீதம்வரை என்று வெளியே சொல்லிக்கொண்டிருந்தபோது, உள்ளே அவர்களின் சொந்தக் கணக்கு 50ஐ ஒட்டித்தான் இருந்தது, சில பேட்ச்சுகளில் 30வரை இறங்கியது என்பது அப்போது வெளிவந்தது. அந்த நிறுவனர் பத்து வருஷத்துக்கு மாணவர் கடன் தொழிலில் இறங்கக் கூடாது என்று தடை. அவர்களுடைய 86க்கும் எங்களுடைய 87க்கும் இருக்கிற ஒற்றுமையைப் பார்த்து ஒருநாள் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நாம் ஒரு சதவீதம் கூட.

சரி, அந்த ஏழு பேருக்கு என்ன கிடைத்தது? ஒருத்தனுக்கு ஆறரை லட்சம். அவன் போட்டோ சுவரில் நடுநாயகமாக இருக்கிறது. அவன் பாலிடெக்னிக் காலத்திலிருந்தே ராத்திரி பகலாகக் கோடு எழுதுகிறவன், எங்களுக்கு டவுட் சொல்லிக்கொடுத்தவன். அவன் வேளச்சேரிக்கு வராமலிருந்தாலும் வேலைக்குப் போயிருப்பான். மற்ற ஆறு பேருக்கும் இரண்டரை லட்சத்துக்கும் மூன்றுக்கும் நடுவில்.

2.4 லட்சம் என்றால் மாசம் இருபதாயிரம் என்று என் அப்பா நினைத்தார். நானும்தான். சி.டி.சி. என்பது சம்பளமில்லை, நம்மை வைத்துக்கொள்ள கம்பெனிக்கு ஆகிற செலவு என்பதை ஆறு மாசத்தில் ஒரு கிளாஸில்கூடச் சொல்லவில்லை. என் சீட்டைப் பிரித்துக் காட்டுகிறேன். 20,000இல் 2,000 'வேரியபிள்', டார்கெட் அடித்தால் வருஷக் கடைசியில். கம்பெனி தரப்பு பி.எஃப். 1,200, கிராஜுவிட்டி என்று 481, இன்ஷூரன்ஸுக்கு 400. இவையெல்லாம் என் பேக்கேஜுக்குள்தான். பிறகு என் தரப்பு பி.எஃப். இன்னொரு 1,200. கைக்கு வந்தது 14,700 சொச்சம். அதில் நாலு பேர் தங்கும் அறைக்குச் சாப்பாட்டோடு 6,500, இ.எம்.ஐ. 4,722. மிஞ்சியது மூவாயிரத்து ஐந்நூறுக்குள். ஒரகடத்தில் காண்ட்ராக்டில் இருந்த என் காலேஜ் நண்பனுக்கும் ஏறக்குறைய அதே சம்பளம்தான். அவனுக்கு கேண்டீன் சாப்பாடும் கம்பெனி பஸ்ஸும் உண்டு, 85,000 கடன் கிடையாது.

பெரிய கம்பெனிகளின் கதவைத் தட்டினாலும் கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை. 2024இல் காக்னிசன்ட் மூன்று வருஷ டிகிரி முடித்தவர்களுக்கு 2.52 லட்சம் என்று அறிவித்தபோது இணையமே சிரித்தது. இன்ஜினியர்களுக்கு இது இல்லை என்று அவர்கள் விளக்கம் சொன்னார்கள். இன்ஜினியருக்கும் என்ன வாழ்ந்தது? 2010களின் தொடக்கத்தில் ஃப்ரெஷர் சம்பளம் மூன்று லட்சத்துச் சொச்சம். இன்றைக்கும் மூன்றரையைச் சுற்றித்தான் நிற்கிறது. இந்தப் பத்துப் பதினைந்து வருஷத்தில் வேளச்சேரி அறை வாடகை என்ன ஆனது, டீ என்ன விலை ஆனது என்பதை நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் கோபம் இன்ஸ்டிடியூட்டோடு நின்றுவிடுவதில்லை. ஒரு காலத்தில் பெரிய கம்பெனிகள் மெக்கானிக்கல், சிவில் என்று பார்க்காமல் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய், மைசூரிலும் திருவனந்தபுரத்திலும் தங்கவைத்து, சம்பளமும் கொடுத்து, மாசக் கணக்கில் கோடிங் சொல்லிக்கொடுத்தன. என் மாமா பையன் அப்படிப் போனவன். பி.இ. சிவில். கம்ப்யூட்டரில் சாலிட்டேர் மட்டும் தெரியும். இன்று சான் ஜோஸில் வீடு. அவனும் என்னைப் பார்த்து 'ஸ்கில்ல டெவலப் பண்ணுடா' என்கிறான். அவன் ஸ்கில்லை டெவலப் பண்ணியது யார் காசில்? வேலை கற்றுக்கொடுக்கிற செலவு முதலாளியுடையதாக இருந்தது. அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, பண்ருட்டியில் இருக்கிற என் அப்பாவின் ஐந்தாம் தேதியாக மாறிவிட்டது. 'இண்டஸ்ட்ரி ரெடி' என்று ஒரு சொல் கண்டுபிடித்தார்கள். கல்யாணத்துக்கு முன்னாலேயே பெண் எல்லாச் சமையலும் கற்றுக்கொண்டு, சீரும் கொண்டு வர வேண்டும் என்கிற மாதிரி. இப்போது உள்ளே எடுத்த பிறகும் நிச்சயமில்லை. 2025 பிப்ரவரியில் மைசூர் வளாகத்திலிருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட பயிற்சியாளர்களை, மூன்று வாய்ப்பிலும் தேறவில்லை என்று சொல்லி இன்ஃபோசிஸ் அனுப்பியது. அவர்களில் பலர் ஆர்டர் கையில் வைத்துக்கொண்டு சேருவதற்கே இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்தவர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். 1961இலிருந்து தொழிற்பழகுநர் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. தொழில் பழகுகிறவனுக்குக் கம்பெனி மாச உதவித்தொகை கொடுக்க வேண்டும். 2019 திருத்தப்படி பட்டதாரி என்றால் குறைந்தது 9,000. இதைக் கவனிக்கிற தென்மண்டலப் பயிற்சி வாரியத்தின் ஆபீஸ் எங்கே இருக்கிறது தெரியுமா? தரமணியில். பழகுகிறவனுக்குப் பணம் தர வேண்டும் என்கிற ஆபீஸ் ஒரு பக்கம். வேளச்சேரியில் பழகுகிறவன் பணம் கட்டும் கியூ. நடுவில் ஒரு ரயில் ஸ்டேஷன். முடியாத காரியமும் இல்லை. ஸோஹோ 2005இலிருந்து ஒரு பள்ளி நடத்துகிறது. பன்னிரண்டாவதும் டிப்ளமோவும் முடித்தவர்களை எடுத்து, ஃபீஸ் வாங்காமல், மாசம் உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் மற்ற கருத்துகளோடு எனக்குச் சண்டை உண்டு, அது வேறு கட்டுரை. கற்றுக்கொடுக்கிறவனே வேலையும் கொடுக்கிறான் என்றால் அவன் சும்மா கற்றுக்கொடுக்க மாட்டான் என்பதுதான் இதில் விஷயம்.

எங்கள் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டைச் சிலர் இதற்கு உவமையாகச் சொல்வதுண்டு. அந்தக் காலத்து டைப், இந்தக் காலத்து கோடிங் என்று. அந்த மாஸ்டருக்குச் செய்கிற துரோகம் அது. அவர் மாசா மாசம் ஃபீஸ் வாங்கினார், பிடிக்காவிட்டால் அடுத்த மாசம் நின்றுவிடலாம். லோயர், ஹையர் பரீட்சையை அவர் நடத்தவில்லை, அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தியது. வேலை வாங்கித் தருகிறேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. 'எட்டு விரலும் ஒழுங்கா வேலை செய்யட்டும், மத்தத கடவுள் பாத்துப்பார்' என்பார். இங்கே கற்றுக்கொடுப்பதும் பரீட்சை வைப்பதும் சான்றிதழ் கொடுப்பதும் ஜெயித்தவர்களை எண்ணுவதும் ஒரே ஆள். அவன் கணக்கை யார் சரிபார்ப்பது?

'ஸ்கில் இருந்தா யாராலயும் தடுக்க முடியாது.' இந்த வாக்கியத்தைத்தான் நான் வெறுக்கிறேன். லிங்க்ட்இன்னில் காலை எட்டு மணிக்கு யாராவது ஒருத்தர் இதைப் போடுகிறார். நானும் தினம் நாற்பது தடவை போனில் சொன்னேன். வேலை கிடைத்தால் அது இன்ஸ்டிடியூட்டின் பெருமை, கிடைக்காவிட்டால் உன் ஸ்கில்லின் குறை என்று தோல்வியைச் சத்தமில்லாமல் உன் பையில் போட்டு அனுப்புகிற வாக்கியம் அது. எங்கள் பேட்ச்சில் வேலை கிடைக்காத ஒருத்தன்கூட இன்ஸ்டிடியூட்டைத் திட்டவில்லை. 'நான்தான்டா ஒழுங்கா படிக்கல' என்றுதான் சொன்னார்கள். சிலர் அந்த வெட்கத்தில் கன்சல்டன்சிக்காரனிடம் போய், இல்லாத கம்பெனியில் மூன்று வருஷ அனுபவம் என்று காகிதம் வாங்கினார்கள். அதற்கும் காசு. இப்போது பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் மெயில் வருமோ என்று ஒவ்வொரு நாளும் வயிற்றில் நெருப்பு. அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

திருக்கோவிலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு அப்பா பேசினார். ஒன்றரை ஏக்கர், மல்லாட்டை. பெண் பி.எஸ்ஸி. கணிதம். நம்பர் அந்தப் பெண்தான் கொடுத்திருந்தாள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

'தம்பி, வேலை கெடைக்கலன்னா பணத்த திருப்பித் தருவாங்களா?'

இந்தக் கேள்விக்கு ஸ்கிரிப்ட்டில் பதில் இருந்தது. நான் அதைப் படித்தேன். 'ஆரம்பத்துலயே நெகட்டிவா யோசிக்காதீங்கப்பா. நானும் இங்க படிச்சவன்தான். இன்னைக்கு வேலைல இருக்கேன்.'

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'நீ சொல்றதால சேக்கறம்பா' என்றார். ஒரு அட்மிஷனுக்கு எனக்கு 1,500 ரூபாய் இன்சென்டிவ். அந்த மாசம் இ.எம்.ஐ. பவுன்ஸ் ஆகவில்லை.

அந்தப் பெண் நன்றாகப் படித்தாள். என்னைவிட நன்றாக. அட்டெண்டன்ஸில் ஒரு நாள்கூடக் குறையவில்லை, அதனால் அவளைத் தகுதியில்லாதவர் பட்டியலில் தள்ள முடியவில்லை. நைட் ஷிஃப்ட் வாய்ஸ் பிராசஸுக்கு வீட்டில் விடவில்லை என்று போகவில்லை. 'தாமாக விலகியவர்' என்று எக்ஸெல்லில் தட்டியது நான்தான். இப்போது ஊரில் ஒரு மெட்ரிக் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறாள், எட்டாயிரம். அவள் அப்பாவிடம் என் நம்பர் இன்னும் இருக்கிறது. திட்டுவதற்குக் கூப்பிட்டதே இல்லை. பொங்கலுக்குக் கூப்பிட்டு, 'எதனா இருந்தா சொல்லு தம்பி' என்கிறார்.

இப்போது அந்த மாடியில் போர்டு மாறிவிட்டது. ஃபுல் ஸ்டாக்குக்கு மேல் டேட்டா சயின்ஸ் ஒட்டினார்கள், அதற்கும் மேல் ஜென் ஏஐ. உற்றுப் பார்த்தால் பழைய எழுத்தின் விளிம்பு தெரிகிறது. ஃப்ரெஷர் எழுதுகிற கோடை மெஷினே எழுதிவிடும் என்று கம்பெனிகள் ஆள் எடுப்பதைக் குறைக்கின்றன. அதே மெஷினைக் காட்டி, இதைப் படித்தால் வேலை நிச்சயம் என்று இங்கே ஃபீஸை ஏற்றுகிறார்கள்.

நான் அங்கிருந்து விலகி அம்பத்தூரில் ஒரு டை கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். நோட்டில் எழுதிவந்த சரக்குக் கணக்கை எடுத்து, அந்த ஜாவாஸ்கிரிப்டை வைத்து ஒரு சின்ன புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். முதலாளி இரண்டாயிரம் சம்பளம் ஏற்றினார்.

2024 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பயிற்சி மைய விளம்பரங்களுக்கு விதிகள் கொண்டுவந்தது. மாணவரின் எழுத்துப்பூர்வ சம்மதமில்லாமல் அவர் போட்டோவைப் போடக் கூடாது என்பது அதில் ஒன்று. அதைக் குறிப்பிட்டு, சுவரிலிருந்து என் போட்டோவை எடுக்கச் சொல்லி இன்ஸ்டிடியூட்டுக்கு மெயில் போட்டேன். மூன்று நாள் கழித்து போன் வந்தது. சின்னப் பையன் குரல். அந்த அவசரமும் அந்தச் சிரிப்பும் எனக்கு நன்றாகத் தெரிந்தவை.

'சார், உங்க மெயில் பாத்தோம் சார். இப்ப எங்க சார் வொர்க் பண்றீங்க? பேக்கேஜ் ஏறியிருந்தா சொல்லுங்க சார், அதையே மாத்திப் போட்டுக்கறோம்.'